இந்தப் பெண்களுக்கு எவ்வளவு கூலி?

தியானப் பகுதி: நீதிமொழிகள் 31:10-31



சென்ற மாதம் நம் சபையைச் சேர்ந்த இளம் தம்பதியரின் புதிய வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்திற்குச் சென்றிருந்தேன். ஜெபம் முடிந்து சிற்றுண்டி பரிமாறப்பட்ட வேளையில், வரவேற்பறைச் சுவரில் மாட்டப்பட்டிருந்த இரண்டு படங்கள் என் கண்ணில் பட்டன. இரண்டும் ஜப்பானிய மரச்செதுக்கு அச்சோவியங்களின் நகல்கள். ஒன்று ஹொகுசாய் என்னும் ஓவியர் 1830ஆம் ஆண்டையொட்டி வரைந்த ஃபூஜி மலைக் காட்சிகளுள் ஒன்று. மலை தூரத்தே பனி மூடி நிற்க, தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் குனிந்து இலை பறித்துக்கொண்டிருக்கிறார்கள். மற்றொன்று அவருக்கு முந்திய உத்தமாரோ வரைந்த அடுக்களைக் காட்சி. ஒரு பெண் கத்தரிக்காயின் தோலைச் சீவுகிறாள். இன்னொருத்தி மூங்கில் குழலால் அடுப்பை ஊதுகிறாள்.

அந்த வீட்டு மருமகள் தயக்கத்தோடு என்னிடம் கேட்டாள்: "ஐயா, விசுவாசிகள் வீட்டில் இப்படிப்பட்ட படங்களை மாட்டலாமா? அத்தை வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்."

பெரியவர்களின் மனதில் இருந்த அச்சம் எனக்குப் புரிந்தது. அந்நிய தேசத்துப் படம். அதில் ஏதேனும் தெய்வ உருவம் இருக்குமோ என்ற கவலை. "இது வழிபாட்டுப் படம் அல்ல மகளே. வேலை செய்யும் பெண்களின் படம். மாட்டலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பதில் எனக்குப் போதாததாகவே தோன்றியது. இதே வகைப் படத்தைக் குறித்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு பெண் என்னிடம் வேறொரு கேள்வியைக் கேட்டிருந்தார். அந்தக் கேள்வியை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ளும்படி ஆண்டவர் என்னை ஏவுகிறார் என்று நம்புகிறேன்.

அப்பொழுது நான் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சபையில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். இறையியல் கல்லூரியில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் சில ஆண்டுகள் ஜப்பானில் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பியபோது, சட்டமிட்ட ஒரு படத்தை எனக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். உத்தமாரோ 1800ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய ஓவிய வரிசையொன்றில் ஒரு தாளின் நகல் அது. பட்டு வளர்ப்புத் தொழிலில் ஈடுபட்ட பெண்களைப் பற்றிய அந்த வரிசை பன்னிரண்டு தாள்களைக் கொண்டது. பொரித்த சிறு புழுக்களை இறகினால் மெல்ல வழித்தெடுப்பது, முசுக்கொட்டை இலை கொடுத்து வளர்ப்பது, கூடுகளிலிருந்து நூல் எடுப்பது, நெய்வது என்று முட்டையிலிருந்து துணி வரையுள்ள வேலைகள் அதில் வருகின்றன. எனக்குக் கிடைத்தது, கூடுகளிலிருந்து நூல் எடுக்கும் பெண்களின் படம்.

இந்தக் கலையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இன்று டோக்கியோ என்று வழங்கும் நகரம் அன்று எடோ எனப்பட்டது. அந்நகரத்தில் இவ்வகை அச்சோவியங்கள் பெருமளவில் அச்சாகி விற்பனையாயின. 1765ஆம் ஆண்டில் ஹருநோபு என்பவரின் காலத்தில் பல வண்ணங்களில் அச்சிடும் முறை செழித்தது. ஒரு படம் உருவாக நால்வர் தேவை. வெளியீட்டாளர் முதல் போடுவார், ஓவியர் வரைவார், செதுக்குநர் அதைச் செர்ரி மரப்பலகையில் செதுக்குவார், அச்சிடுநர் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிப் பலகையில் மை பூசி, தாளை அதன்மேல் வைத்துக் கையால் தேய்த்து எடுப்பார். ஓவியரின் பெயரும் வெளியீட்டாளரின் முத்திரையும் படத்தில் இருக்கும். செதுக்கியவரின் பெயரும் அச்சிட்டவரின் பெயரும் பெரும்பாலும் இராது. மயிரிழை போன்ற கூந்தல் கோடுகளைப் பலகையில் வெட்டி எடுத்த கை யாருடையது என்று படம் நமக்குச் சொல்வதில்லை.

அந்நாட்களில் இவை சாமானியரும் வாங்கக்கூடிய விலையில் விற்கப்பட்டன. கையில் வைத்துப் பார்ப்பார்கள், தொகுப்பாகக் கட்டி வைப்பார்கள், திரைகளில் ஒட்டுவார்கள். பிற்பாடு ஐரோப்பியர் இவற்றைத் திரட்டிக் கண்ணாடிச் சட்டமிட்டு வீட்டுச் சுவர்களை நிறைத்தனர். பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே தம் ஜிவெர்னி வீட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட ஜப்பானிய அச்சோவியங்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவருடைய உணவு அறையின் சுவர்களிலும் அவை வரிசையாய்த் தொங்கின. அந்த வழக்கமே இன்று உலகமெங்கும் பரவி நம் வரவேற்பறைகளையும் வந்தடைந்திருக்கிறது.

நானும் என் படத்தைப் போதகர் இல்லத்து முன்னறையில், வருவோர் யாவரும் காணத்தக்க இடத்தில் மாட்டினேன். அதன்மேல் எனக்கு மிகுந்த பிரியம். பெண்கள் ஞாயிறன்று அதைக் கழற்றி ஆலயத்திற்கே எடுத்துச் சென்று, பிரசங்க பீடத்தின் அருகே வைத்துப் பேசினேன். நீதிமொழிகளின் கடைசி அதிகாரத்தில் வரும் குணசாலியான ஸ்திரீயும் ஆட்டுமயிரையும் சணலையும் தேடி, தன் கைகளால் உற்சாகமாய் வேலை செய்கிறாள் அல்லவா? அவளையும் இந்த ஜப்பானியப் பெண்களையும் ஒப்பிட்டு, உழைப்பின் அழகைப் பற்றி ஏறக்குறைய நாற்பது நிமிடம் பிரசங்கித்தேன். பலர் கைகுலுக்கிப் பாராட்டினார்கள். நானும் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் திங்கட்கிழமை. எங்கள் வீட்டில் துப்புரவு வேலை செய்துவந்த சகோதரி வழக்கம்போல் முன்னறையைக் கூட்டிவிட்டு, ஈரத்துணியால் அந்தப் படத்தின் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அறுபது வயதை நெருங்கியிருக்கும். நான் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தேன். துடைத்த கை நின்றது.

"ஐயா, இது கூடு வேக வைச்சு நூல் எடுக்கிறதுதானுங்களே?"

எனக்கு வியப்பாக இருந்தது. அந்தப் படம் எதைக் காட்டுகிறது என்று அந்நாள் வரை ஒருவரும் தாமாகக் கண்டுபிடித்ததில்லை. நானே விளக்கிச் சொல்லியாக வேண்டும். "உங்களுக்கு எப்படித் தெரியும் அக்கா?" என்று கேட்டேன்.

அவர் சிறுமியாயிருந்த நாள் தொடங்கி, திருமணமாகிப் பல ஆண்டுகள் வரையில், பட்டு நூற்கும் கொட்டகையில் வேலை செய்தவராம். தர்மபுரிப் பகுதியில் மல்பெரி சாகுபடியும் பட்டுக்கூட்டு வியாபாரமும் உண்டென்று எனக்குத் தெரியும். ஆனால் நான்கு ஆண்டுகளாக என் வீட்டிற்கு வந்துபோன பெண்ணுக்கு அந்தத் தொழில் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

கொதிக்கும் தண்ணீரில் கூடுகள் மிதக்கும். நூலின் நுனியைப் பிடிக்க விரலை விட்டுத் துழாவ வேண்டும். மாலையில் விரல் நுனிகள் வெளுத்து ஊறிப் போயிருக்கும். சோறு பிசையும்போது எரியும். வெந்த புழுவின் நாற்றம் தலைமயிரிலும் சேலையிலும் ஏறிக்கொண்டு எத்தனை முறை குளித்தாலும் போகாது. இவற்றையெல்லாம் அவர் படத்தைப் பார்த்தபடியே சாதாரணமாகச் சொன்னார். பிறகு கேட்டார்:

"இந்தப் பொம்பளைங்களுக்கு எவ்வளவு கூலிங்க ஐயா?"

நாற்பது நிமிடம் அந்தப் படத்தைப் பற்றிப் பேசியவன் நான். படம் எந்த நகரத்தில் அச்சானது, எந்த மரத்தில் செதுக்கப்பட்டது என்பதெல்லாம் சொன்னேன். அந்தப் பெண்களுக்கு எவ்வளவு கூலி என்ற எண்ணம் ஒருமுறையாவது என் உள்ளத்தில் எழுந்ததில்லை. "தெரியவில்லை அக்கா" என்றேன். அவர் தலையை அசைத்துவிட்டு அடுத்த அறையைக் கூட்டப் போனார்.

அன்று இரவு என் மனைவியிடம் அந்தச் சகோதரிக்கு நாம் மாதம் எவ்வளவு கொடுக்கிறோம் என்று கேட்டேன். வேலைக்குச் சேர்ந்தபோது பேசிய அதே தொகை. நான்கு ஆண்டுகளில் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. "இரண்டு தடவை உங்களிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றீர்கள்" என்று என் மனைவி சொன்னாள். எனக்கு அது நினைவிலேயே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தினர் மிகுதி என்பதால் அன்றும் அவர் வருவார். அதற்குத் தனிக் கூலி கிடையாது. ஆலயத்தைக் கூட்டும் மற்றொரு சகோதரியின் நிலை இதைவிட மோசம். அவருடைய சம்பளம் ஆறு ஆண்டுகளாக மாறவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்த வரவுசெலவுக் கணக்கில் தலைவர் என்ற முறையில் கையெழுத்திட்டவன் நானே. உழைப்பின் அழகைப் பிரசங்கித்த பீடத்தின் படிகளைத் துடைத்தவர் அவர்தான்.

அந்த வாரத்திலிருந்து நான் அந்தப் படத்தை வேறு விதமாய்ப் பார்க்கத் தொடங்கினேன். சகோதரியின் கேள்விக்கு விடை தேடி, நண்பரிடம் புத்தகங்களைக் கடன் வாங்கி வாசித்தேன்.

உத்தமாரோவின் பட்டுத் தொழில் படங்களில் பெண்களின் கொண்டை கலையவில்லை. வியர்வை இல்லை. விரல்கள் சிவக்கவில்லை. எடோ நகரத்துச் சீமாட்டிகளைப் போலவே அவர்கள் நேர்த்தியாய் உடுத்தியிருக்கிறார்கள். அந்தப் படங்களை வாங்கியவர்கள் நகரத்தார்; புழுவை வளர்த்தவர்களோ பெரும்பாலும் கிராமத்துக் குடியானவர் வீட்டுப் பெண்கள். டோகுகாவா ஆட்சியாளரின் கட்டளைகள், குடியானவர்கள் பருத்தியும் நார்த்துணியும் போன்ற எளிய ஆடைகளையே உடுக்க வேண்டும் என்று வலியுறுத்தின. கடைசித் தூக்கம் கழிந்த புழு இரவும் பகலும் ஓயாமல் தின்னும். அதற்கு இலை போட்டுக் கண்விழித்தவர்கள் அந்தப் பட்டை உடுக்கக் கூடாது.

ஓவியரைக் குற்றவாளி ஆக்க நான் விரும்பவில்லை. அதே உத்தமாரோவின் அடுக்களைப் படத்தில் அடுப்புப் புகை கிளம்புகிறது. அருகே நிற்கும் பெண் அதைத் தாங்காமல் முகத்தைச் சுளிக்கிறாள். பாத்திரம் துடைப்பவளின் முதுகில் குழந்தை தொற்றிக்கொண்டிருக்கிறது. நம் வீடுகளில் நாம் தினமும் காணும் காட்சி அது. பார்க்க வேண்டியதை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் அவருக்கு மிகுந்த புகழைத் தந்த முகங்கள் பல, யோஷிவாரா என்னும் பகுதியில் கடனுக்கு ஈடாக ஒப்பந்தத்தில் கட்டப்பட்டிருந்த பெண்களின் முகங்கள். அவர்களுள் அநேகரைச் சிறுவயதிலேயே வறுமையின் நிமித்தம் பெற்றோர் விற்றிருந்தார்கள். படத்தில் பட்டாடை தெரிகிறது, கடன் தெரிவதில்லை. படம் வாங்கியவன் முகத்தின் அழகை வீட்டிற்குக் கொண்டுபோனான். அந்தப் பெண் அங்கேயே இருந்தாள்.

கூலியைப் பற்றிய செய்தி அதற்குப் பிந்திய காலத்தில்தான் எனக்குத் துலங்கியது. 1872ஆம் ஆண்டு ஜப்பானிய அரசாங்கம் குன்மா பகுதியிலுள்ள தோமியோகா என்னும் ஊரில், பால் புருனா என்னும் பிரெஞ்சுக்காரரின் துணையோடு பெரிய பட்டு நூற்பாலையைத் திறந்தது. அதையும் அச்சோவியர்கள் வண்ணம் வண்ணமாய் வரைந்து விற்றார்கள். வெளிநாட்டார் குடித்த திராட்சரசத்தை இரத்தம் என்று எண்ணிய ஜனங்கள் தங்கள் பெண்களை அனுப்ப முதலில் அஞ்சினார்களாம். அந்த ஆலையில் வேலை நேரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய எட்டு மணி. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். கிறிஸ்தவ நாடல்லாத ஜப்பானில், 1872ஆம் ஆண்டில், ஓர் ஆலை நூற்கும் பெண்களுக்கு ஞாயிறு ஓய்வு கொடுத்தது. ஒரு கிறிஸ்தவப் போதகரின் வீடு தன் வேலைக்காரிக்கு அதைக் கொடுக்கவில்லை.

பின்னர் எழுந்த தனியார் ஆலைகள் அப்படியிருக்கவில்லை. வேலை நேரம் நீண்டது, கூலி குறைந்தது, தவறுகளுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 1886ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கோஃபு நகரத்தில், ஆலை முதலாளிகள் ஒன்றுகூடி நேரத்தைக் கூட்டி ஊதியத்தைக் குறைத்தபோது, அமெமியா நூற்பாலையின் பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் வேலையை விட்டு எழுந்து சென்று ஒரு கோவிலில் கூடியிருந்தார்கள். ஜப்பானில் ஆலைத் தொழிலாளர் நடத்திய முதல் வேலைநிறுத்தம் என்று அதைச் சொல்கிறார்கள். முதலாளிகள் இறங்கிவர நேர்ந்தது. கொண்டை கலையாத அந்தப் படத்துப் பெண்களின் பேத்திமார் வயதொத்தவர்கள், தங்களுக்குரிய கூலியைத் தாங்களே கேட்டார்கள்.

ஜப்பானியத் திருச்சபையின் வரலாற்றிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. கோபே நகரத்துச் சேரியில் குடியிருந்து ஊழியம் செய்த தோயோஹிகோ ககாவாவைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கிறோம். அவருடைய மனைவி ஹாருவைப் பற்றி அறிந்தோர் குறைவு. அவர் அச்சகமொன்றில் புத்தகம் கட்டும் வேலை செய்த பெண். 1913ஆம் ஆண்டு ககாவாவை மணந்து அந்தச் சேரியிலேயே வாழ்ந்தார். அங்கே பரவிய கண்நோய் அவரையும் தாக்கியது. 1921ஆம் ஆண்டில், உழைக்கும் பெண்களின் நலனுக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கியவர்களுள் அவர் முன்னின்றார். தான் செய்த வேலையை அவர் மறக்கவில்லை. அதைச் செய்யும் மற்றவர்களையும் மறக்கவில்லை.

இதன் பின்பு நான் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசித்தேன். எத்தனையோ முறை பிரசங்கித்த பகுதி. ஆனால் மூன்று வசனங்களை நான் அதுவரை கவனித்து வாசித்ததே இல்லை.

பதினைந்தாம் வசனத்தில் அந்த ஸ்திரீ இருட்டோடே எழுந்து, தன் வேலைக்காரிகளுக்கும் உரிய பங்கை அளிக்கிறாள். அவளுடைய புகழ்ச்சியின் பட்டியலில் தன் வீட்டு வேலைக்காரிகளை அவள் எப்படி நடத்தினாள் என்பதும் இடம்பெற்றிருக்கிறது. இருபத்திரண்டாம் வசனத்தில் அவள் நல்ல வஸ்திரம் உடுத்தியிருக்கிறாள். நூற்றவளே உடுக்கிறாள். எடோ காலத்துக் குடியானவப் பெண்ணுக்குக் கிட்டாத உரிமை அது.

கடைசி வசனத்தில் இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. அவளுடைய கைகளின் பலனை அவளுக்குக் கொடுக்கும்படி சொல்வது முதலாவது. அவளுடைய கிரியைகள் ஊர் வாசலில் அவளைப் புகழட்டும் என்பது இரண்டாவது. அந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் கொடுக்க வேண்டியது. அதன் பின்பே புகழ்ச்சி. என் பெண்கள் ஞாயிறு பிரசங்கம் முழுவதும் இரண்டாம் பாதியைப் பற்றியதாகவே இருந்தது. முதல் பாதியை நான் விட்டுவிட்டேன். புகழ்வதற்குச் செலவு ஒன்றுமில்லை. படத்தை மாட்ட ஓர் ஆணி போதும்.

உபாகமம் 24ஆம் அதிகாரத்தில், ஏழையான கூலிக்காரனின் கூலியைப் பொழுது போகுமுன்னே கொடுத்துவிட வேண்டும் என்று தேவன் கட்டளையிடுகிறார். அவன் அதை எதிர்நோக்கியிருக்கிறான். கொடாவிட்டால் அவன் நம்மைக் குறித்துக் கர்த்தரை நோக்கி முறையிடுவான் என்கிறது வேதம். யாக்கோபு தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் இன்னும் கடுமையாய், பிடித்து வைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார். என் முன்னறையில் நான் கேளாத அந்தக் கூக்குரலை ஒரு சகோதரி மிகத் தாழ்ந்த குரலில் கேள்வியாகக் கேட்டார். தம்மைக்குறித்து அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. படத்திலிருந்த பெண்களைக்குறித்தே கேட்டார்.

அந்த மாதமே வீட்டில் அவருடைய சம்பளத்தை உயர்த்தினோம். முந்திய ஆண்டுகளில் கொடுத்திருக்க வேண்டியதையும் கணக்கிட்டு மூன்று தவணைகளாகக் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று சொன்னோம். விருந்தினர் வந்த ஞாயிறுகளில் நானும் பாத்திரம் துலக்கக் கற்றுக்கொண்டேன். இதை நான் மேன்மைபாராட்டச் சொல்லவில்லை. கடன்பட்டவன் கடனைத் தீர்த்தால் அது தர்மம் ஆகாது.

சபைக் கமிட்டியில் காரியம் அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. ஆலயத் துப்புரவுப் பணியாளரின் சம்பளத்தை உயர்த்த வேண்டும் என்று நான் சொன்னபோது, மூத்த அங்கத்தினர் ஒருவர், "ஐயா, ஆலயத்தைச் சுத்தம் செய்வது ஊழியம் அல்லவா? அதைப் பணத்தால் அளக்கலாமா?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. நம்மில் பலருக்கு உள்ள எண்ணம்தான் அது. நான் சொன்னேன்: "பிரசங்கிப்பதும் ஊழியம்தான். அதற்காக நான் மாதந்தோறும் சம்பளம் வாங்குகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை உயர்வும் வாங்குகிறேன். அது சரியென்றால் இதுவும் சரி." சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. நான் கேட்ட தொகை கிடைக்கவில்லை. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கிற்கு ஒத்துக்கொண்டார்கள். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வும் தீர்மானத்தில் சேர்க்கப்பட்டது. ஆண்டுதோறும் அதைத் திரும்ப ஆராய வேண்டும் என்றும் எழுதிக்கொண்டோம்.

இப்பொழுது நம் சபையின் அந்த இளம் வீட்டிற்குத் திரும்பி வருகிறேன். மகளே, அந்தப் படங்களைச் சுவரிலேயே விட்டுவை. யோப்பா பட்டணத்தில் தொற்காள் மரித்தபோது, விதவைகள் அவள் தங்களுக்குச் செய்துகொடுத்த உடைகளைப் பேதுருவுக்கு அழுதுகொண்டே காண்பித்தார்கள் என்று அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஒரு பெண்ணின் கைவேலையைப் பிறர் காண எடுத்துக் காட்டுவது வேதத்திற்கு அந்நியமானது அல்ல. ஆனால் அந்த உடைகளைக் காட்டியவர்கள் அவற்றைத் தைத்தவளை அறிந்திருந்தார்கள். அவளுடைய பெயர் அவர்களுக்குத் தெரியும். அவள் இல்லாத குறை அவர்களை அழவைத்தது.

ஆகவே அந்தத் தேயிலை பறிக்கும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம், உன் வீட்டுச் சமையலறையில் அந்த நேரத்தில் நிற்பது யார் என்று ஒருமுறை எட்டிப்பார். பாத்திரம் துலக்க வரும் அம்மாளின் பெயரும், அவர் பிள்ளைகளின் பெயரும், அவர் முன்பு என்ன வேலை செய்தார் என்பதும் உனக்குத் தெரியுமா? அவருக்குக் கடைசியாக எப்பொழுது கூலி உயர்த்தினாய்? உன் அத்தையும் நாற்பது ஆண்டுகள் புகைக்கு முகம் சுளித்தபடி அடுப்பு ஊதியிருப்பார்கள். அந்த அடுக்களைப் படத்தின் முன் அவர்களை உட்காரவைத்துக் கதை கேள். படம் வேண்டாம் என்ற பேச்சு அதோடு நின்றுபோகவும் கூடும்.

இதை வாசிக்கும் சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நம் வீட்டுப் பெண்களின் வேலையை அன்னையர் தினத்தில் பாராட்டுகிறோம். ஆண்டின் மற்ற நாட்களில் அவர்களுக்கு ஓய்வுக்கென்று ஒரு மணி நேரமும், தங்கள் விருப்பப்படி செலவிடக் கையில் சிறிது பணமும் இருக்கிறதா என்று பார்ப்போமாக. அவர்களுடைய கைகளின் பலனில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

தர்மபுரியை விட்டு இடமாற்றலாகி வருமுன், அந்தச் சகோதரி ஒருநாள் மீண்டும் அந்தச் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அக்கா, நீங்கள் அன்றைக்குக் கேட்டதற்கு இப்பொழுது ஒரு பாதிப் பதில் தெரியும்" என்று சொல்லி, கோஃபு நகரத்துப் பெண்களின் கதையை அவருக்குச் சொன்னேன். அவர் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்று கேட்டார்.

"நூறு பேரும் ஒண்ணாவா எந்திரிச்சுப் போனாங்க?"

"ஒன்றாகத்தான் அக்கா."

அவர் வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். நான்கைந்து ஆண்டுகளில் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. அந்தப் படத்தை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். அதைப் பார்க்கத் தெரிந்தவர் அவர்தான்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, தச்சனின் வீட்டில் வளர்ந்த உமது குமாரனுக்குள் எங்கள் உழைப்பை நீர் கனப்படுத்தினீர். நாங்கள் உதட்டினால் புகழ்ந்து கையினால் மறுத்தவைகளை எங்களுக்கு மன்னியும். எங்கள் வீடுகளிலும் ஆலயத்திலும் உழைக்கும் உமது குமாரத்திகளின் பெயர்களை நாங்கள் அறியவும், அவர்களுக்கு உரியதைக் காலத்தில் கொடுக்கவும் எங்களுக்கு இருதயத்தைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.